மைக்கை இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்புங்க

கொங்கு நாட்டு வானொலி நிலையங்களில் பேட்டியும் உரையாடலும் தயாரிக்கிற அன்பர்களுக்கு,

வணக்கமுங்க.

அரசு நிலையம், சமுதாய வானொலி, தனியார் பண்பலை என்று பிரிக்காமல் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். திருப்பூர்ப் பக்கம் சின்னதாக ஒரு பவர் டேபிள் யூனிட் நடத்துகிறேன். கம்பெனியிலிருந்து வெட்டிய துணியை எடுத்து வந்து தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க். காலையில் மெஷின் ஓட ஆரம்பித்தால் இரவு விளக்கணைக்கும் வரை ரேடியோவும் கூடவே ஓடும். ஓவர்லாக் சத்தத்தைத் தாண்டிக் கேட்க வேண்டுமே என்று சுவரில் இரண்டு பாக்ஸ் மாட்டியிருக்கிறோம்.

இந்தத் தொழிலில் கண்ணும் கையும் துணியை விட்டு நகரக் கூடாது. செல்போனில் வீடியோவை ஓடவிட்டுக்கொண்டு பேட்லாக் மெஷினில் தைக்க முடியாது. ஒரு நொடி கண் தப்பினால் ஊசி விரலில் ஏறிவிடும். சும்மா இருப்பது காது மட்டும்தான். எங்களுக்கு மட்டுமா? மாட்டுக்குத் தண்ணி காட்டுகிறவர், மஞ்சள் காய வைக்கிறவர், ராத்திரியெல்லாம் லாரி ஓட்டுகிற நாமக்கல்காரர், எல்லாருக்கும் இதே கதைதான். உங்களுக்கு இதைவிடப் பொறுமையான நேயர்கள் எங்கேயும் கிடைக்க மாட்டார்கள். பாட்டுப் போட்டால் கூடவே முணுமுணுப்போம், அவ்வளவுதான். ஆனால் ஆள் பேசினால் கவனித்துக் கேட்போம். அதனால்தான் அந்தப் பேச்சு சப்பென்று போகும்போது எரிச்சல் வருகிறது.

ஏன் சப்பென்று போகிறது? பாதி நேரம் வணக்கத்திலும் நன்றியிலும் கழிகிறது. வந்தவர் எழுதிக்கொண்டு வந்ததைப் படிக்கிறார். கேட்பவரும் எழுதி வைத்த கேள்வியை வரிசையாகக் கேட்கிறார். முந்தின பதிலில் ஏதாவது புதிதாக வந்து விழுந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு போவதில்லை.

ஓர் ஆடி மாதம், ஒரு நிலையத்தில் (பெயர் வேண்டாம்) உடுக்கைப் பாட்டுக்காரர் ஒருவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அண்ணமார் கதை, அதாவது நம்ம பொன்னர்–சங்கர் கதை பாடுகிறவர். எங்கள் யூனிட்டில் சிங்கர் மெஷினில் தைக்கிற அக்காவுக்கு காங்கேயம் பக்கம்தான் பிறந்த ஊர். சத்தத்தை ஏற்றச் சொல்லிவிட்டு மெஷினையே நிறுத்திவிட்டது. பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, உடுக்கையில் நாலு தட்டுத் தட்டி, காப்புப் பாட்டை எடுத்தார். இரண்டாவது அடி முடிவதற்குள் நிகழ்ச்சிக்காரர் குறுக்கே புகுந்து, "அருமை ஐயா! இந்தக் கலைக்கு வந்தபோது உங்கள் மனநிலை எப்படி இருந்தது?" என்றார். பெரியவர் "அதுங்க..." என்று இழுத்தார். அதற்குள் விளம்பரம் வந்துவிட்டது. திரும்பி வந்து நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். விடிய விடியப் பல ராத்திரி பாடுகிற கதைக்கு அன்றைக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

அக்கா மெஷினைத் திரும்பப் போடாமல் கொஞ்ச நேரம் புலம்பிக்கொண்டே இருந்தது. "படுகளத்துல விழுந்தவங்கள என்ன பாடி எழுப்புவாங்கன்னு கேட்டிருக்கலாம். ராத்திரி பூரா பாடுறாரே, தொண்டைக்கு என்ன குடிப்பாருன்னாவது கேட்டிருக்கலாம். உடுக்கைக்குத் தோலு இப்ப யாரு கட்டித் தர்றாங்க? அவரு மகன் கத்துக்கிட்டானா இல்லையா?" உங்கள் ஸ்டூடியோவில் எழுதி வைத்திருந்த கேள்விகளை விட இந்த நாலும் நல்ல கேள்விகள் என்பது என் அபிப்பிராயம். கேட்கிற இடத்தில் ஊர்க்காரர் ஒருவரை உட்கார வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

1960களின் நடுவில் பிரெண்டா பெக் என்கிற மானிடவியல் ஆய்வாளர், காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கியிருந்து, இதே கதையை ராத்திரி ராத்திரியாகப் பாடச் சொல்லி நாடாவில் பதிந்தார். அந்தப் பதிவு கையில் இருந்ததால்தான் பின்னாளில் அது அச்சிலும் வந்தது, அசைபடமாகவும் வந்தது. கடல் தாண்டி வந்தவர் ஊரிலேயே தங்கி, பாடி முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தார். உள்ளூரிலேயே இருக்கிற நமக்கு விளம்பரம் போட அவசரம்.

பதிவு என்றதும் இன்னொன்று. சமுதாய வானொலிக்கான விதிமுறைகளில், ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை 3 மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. சரி, வைத்திருக்கிறீர்கள். நாலாவது மாதம்? கல்யாணத்தில் பாடுகிற இணைச்சீர் பாட்டும், மங்கல வாழ்த்தும், இழவு வீட்டு ஒப்பாரியும் பாடத் தெரிந்தவர்கள் எல்லாம் வயதானவர்கள். இன்றைக்குப் பதிந்ததை இடமில்லை என்று அழித்துவிட்டால் திரும்பப் பதிய ஆள் இருக்க மாட்டார்கள். கோவை வானொலி தொடங்கியது 1966-இல். அத்தனை வருடத்தில் அந்த மைக்குக்கு முன்னால் வந்து போன குரல்களில் என்னவெல்லாம் மிஞ்சியிருக்கிறதோ, அதை வாரத்துக்கு அரை மணி நேரம் எடுத்துப் போடுங்கள். தேதியும் ஊரும் மட்டும் சொன்னால் போதும். பேசினவரின் பேரன் பேத்திகள் எங்காவது கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

பேச்சு வழக்கு விஷயத்துக்கு வருகிறேன். நிகழ்ச்சிகளில் பாதியாவது அந்தந்த ஊர் மக்களின் பங்கேற்போடு தயாராக வேண்டும், கூடுமானவரை உள்ளூர் மொழியிலும் வழக்கிலும் இருக்க வேண்டும் என்று 2006-இல் அரசு கொண்டுவந்த சமுதாய வானொலிக் கொள்கையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அப்புறம் ஏனுங்க, எங்கள் ஊர்ப் பிள்ளையே மைக் முன்னால் உட்கார்ந்ததும் வேறு ஊர்ப் பிள்ளையாகிவிடுகிறது? வருகிற விருந்தாளியிடமும் முன்கூட்டியே "நல்ல தமிழில் பேசுங்கள்" என்று சொல்லி வைக்கிறீர்கள் போலிருக்கிறது. தோட்டத்தில் மூச்சு விடாமல் பேசுகிற மனிதர் உங்கள் நிகழ்ச்சியில் வார்த்தை வார்த்தையாகத் தேடுகிறார். மேடைத் தமிழ் செய்திக்கு இருக்கட்டும்.

செய்தி என்றால் உங்களில் சிலருக்கு உதறும், தெரியும். தனியார் பண்பலையும் சமுதாய வானொலியும் ஆகாசவாணிச் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாமே தவிர, சொந்தமாகச் செய்தி வாசிக்க முடியாது. அரசியலும் கூடாது. காற்றலை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொன்ன நாட்டில் இந்தத் தடை எதற்கு என்பது தனிச் சண்டை, இங்கே வேண்டாம். ஆனால் வானிலை, போக்குவரத்து, திருவிழா, கரண்ட், குடிநீர் பற்றிய தகவல்கள் எல்லாம் செய்தியில் சேராது என்று அதே அரசுதான் விலக்குக் கொடுத்திருக்கிறது. அந்த ஒரு வாசல் போதும், நிறையப் பேசலாம். அரசு நிலையத்துக்கு அந்தக் கட்டும் இல்லை.

2023 மார்ச் ஞாபகம் இருக்கும். வட மாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் போன் போனாகப் பரவின. காவல்துறை இந்தியில் பேசி விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது. எங்கள் யூனிட்டில் செக்கிங்கில் இருந்த இரண்டு ஒடிசாப் பையன்கள் பையைக் கட்டிவிட்டார்கள். ஊரிலிருந்து அம்மா போனில் அழுகிறது, நாங்கள் தமிழில் என்ன சொல்லி நிறுத்துவது? அன்றைக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அவர்கள் ஊர்க்காரர் ஒருவர் அவர்கள் மொழியில் ரேடியோவில் வந்து, "நான் இங்கேதான் இருக்கேன், இன்னைக்கும் வேலைக்குப் போய்ட்டு வந்தேன், ஒண்ணும் இல்லை" என்று சொல்வது. இன்னொரு வதந்தி கிளம்பும்வரை காத்திருக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கும் லீவுதான். ஒடியாவிலோ இந்தியிலோ அரை மணி நேரம் ஒதுக்கி, இங்கே இருக்கிற அவர்கள் ஆட்களையே பேச விடுங்கள். தமிழ் நிகழ்ச்சிக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

அடுத்து தண்ணீர். அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தை 2024 ஆகஸ்டில் தொடங்கி வைத்தார்கள். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீரை எடுத்து, ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்கு விடுகிற திட்டம். தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் போராடி வந்தது. தொடக்க விழா அன்றைக்கு எல்லாரும் பேசினார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு குட்டைக்கரையிலும் நடப்பதை யார் பேசுவது? தண்ணி வந்து சேர்ந்ததா, எத்தனை நாள் நின்றது, பக்கத்துக் கிணறு ஊறியதா, மதகு உடைந்து கிடக்கிறதா, சீமைக்கருவேலம் வெட்டினார்களா? வாரம் ஒரு குளம் என்று எடுத்தால் இருபது வருடத்துக்கு நிகழ்ச்சி இருக்கிறது. பேச விஷயம் கிடைக்கவில்லை என்று யாரும் இனிமேல் சொல்லக் கூடாது. ஒரு நிபந்தனை மட்டும்: நீர்வளத் துறை அதிகாரியையும் அதே கரைக்குக் கூட்டி வாருங்கள். அவர் ஸ்டூடியோவில், விவசாயி போனில் என்றால் பதில் வராது. மூன்று மாதம் கழித்து அதே கரைக்குத் திரும்பப் போய், அன்றைக்குச் சொன்னது நடந்ததா என்றும் கேளுங்கள். இப்படித் திரும்பிப் போய்க் கேட்கிற வழக்கம் எந்த நிலையத்திலும் என் காதில் பட்டதில்லை.

சோமனூர், பல்லடம் விசைத்தறிக் கூலிப் பிரச்சினையும் இப்படித்தான். 2025-இல் வாரக் கணக்கில் தறி நின்றது. பாவு நூல் கொடுத்து நெய்யச் சொல்கிறவரையும் கூலிக்கு ஓட்டுகிறவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, மீட்டருக்கு எவ்வளவு செலவு ஆகிறது என்று இருவரையும் கணக்குச் சொல்ல வைத்தால் கேட்கிறவர்களே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். அதே வருடம் ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் ஏற்றுமதியாளர்களும் பொருளாதார வல்லுநர்களும் நிறையப் பேசினார்கள். எங்களைப் போன்ற ஜாப் ஒர்க் ஆட்களுக்கு இருந்த கேள்வி அதைவிடச் சின்னது: ஆர்டர் நின்றால் இந்தச் சனிக்கிழமை சம்பளத்துக்கு எங்கே போவது? அதைக் கேட்க ஆளில்லை.

வள்ளி–முருகன் கதையைப் பாடிக்கொண்டே ஆடுகிற வள்ளி கும்மியைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. கோவைப் பக்கத்து பத்திரப்பன் ஐயாவுக்கு இந்தக் கும்மிக்காகத்தான் 2024-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆண்கள் மட்டும் ஆடி வந்ததைப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தவர். இன்றைக்குக் கோயில் நோம்பி என்றால் ஆயிரக்கணக்கில் ஒரே சீருடையில் ஆடுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சில மேடைகளில் கும்மியோடு சாதிப் பெருமையும் கலந்து ஊட்டுகிறார்கள் என்று ஊருக்குள்ளேயே மனவருத்தம் இருக்கிறது. எனக்கும்தான். இதைப் பேச அடிகளும் பாட்டும் தெரிந்த ஆசிரியர்களையே கூப்பிடலாம். பெருஞ்சலங்கை ஆடுகிறவர்களையும் பறை அடிக்கிறவர்களையும் அதே மேசையில் உட்கார வையுங்கள். கொஞ்சம் சூடாகும். ஆகட்டுமே.

அப்புறம், மகளிர் நேரம். பகல் பன்னிரண்டு மணிக்கு மெஷினில் உட்கார்ந்திருக்கிற எங்கள் அம்மிணிகளுக்கு ரவா லட்டு செய்முறை சொல்கிறீர்கள். அவர்கள் பேச விரும்புவது பி.எஃப். பிடித்தமும், பிள்ளையை விட்டுவர இடம் இல்லாததும், கடைசி பஸ் நேரமும். கேட்டுப் பாருங்கள், லட்டுக்கு நேரம் இருக்காது.

எங்கள் யூனிட்டுக்கு வருவதானால் தாராளமாக வரலாம். சனிக்கிழமை வேண்டாம், சம்பள நாள், யார் காதும் இங்கே இருக்காது. புதன், வியாழன் டீ நேரத்தில் பத்து நிமிடம் எல்லா மெஷினும் நிற்கும்; சத்தமில்லாமல் பதியலாம். ஓடுகிற மெஷினோடு பதிய வேண்டும் என்றாலும் சரி. கேள்வித்தாள் கொண்டுவர வேண்டாம். கேள்வி எல்லாம் அக்காவிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
திருப்பூர்ப் பக்கத்து நேயர்