அந்த உரைக்குப் பிறகும் ஐந்து ஆண்டுகள் இருந்தார்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில், அமெரிக்கக் கறுப்பர்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பஸ்ஸில் காட்டிய இனப் பாகுபாட்டை எதிர்த்து மான்ட்கோமரி நகரக் கறுப்பர்கள் நடத்திய பஸ் புறக்கணிப்பு 381 நாள் நீடித்ததையும், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் மைல்கணக்கில் நடந்ததையும் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆனால் 1963 வாஷிங்டன் பேரணியில் கிங் பேசிய 'எனக்கொரு கனவு உண்டு' உரை முடிந்ததும் பேனாவை மூடிவிட்டார். அடுத்த வரியில் கிங் சுடப்படுகிறார். நடுவில் இருந்த ஐந்து ஆண்டுகள் எங்கே போயின?

கட்டுரையாளரைக் குறை சொல்ல எனக்கும் யோக்கியதை இல்லை. ஆங்கில ஆசிரியராக இருந்த காலமெல்லாம் பேச்சுப் போட்டிக்கு அந்த உரையின் 'கனவு' பகுதியைத்தான் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்தேன். கைதட்டல் அங்கேதான் விழும். அதற்கு முன்னால், கறுப்பர்களுக்கு அமெரிக்கா கொடுத்த காசோலை பணமில்லை என்று திரும்பி வந்துவிட்டதாக ஒரு பகுதி வரும். நேரம் போதாது என்று அதை வெட்டிவிடுவேன். 'வேலைக்கும் விடுதலைக்குமான பேரணி' என்று அந்தப் பேரணியின் பெயரிலேயே விடுதலைக்கு முன்னால் வேலை இருந்தது என்பது எனக்கே பிந்தித்தான் உறைத்தது.

1967 ஏப்ரல் 4 அன்று வியட்நாம் போரைக் கண்டித்துப் பேசியதும், அதுவரை பாராட்டிய பத்திரிகைகளே அவரைத் திட்டின. சரியாக ஓராண்டு கழித்து, அதே தேதியில் மெம்பிஸ் நகரில் கொல்லப்பட்டார். அங்கே எதற்குப் போனார் என்பதுதான் கட்டுரையில் இல்லை.

குப்பை அள்ளுகிறவர்களுக்காகப் போனார். 1968 பிப்ரவரி 1 அன்று மழைக்கு ஒதுங்க எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு தொழிலாளர்கள் குப்பை லாரியின் பின்பகுதிக்குள் ஏறி நின்றார்கள். குப்பையை அழுத்தும் எந்திரம் தானாக இயங்கி இருவரையும் நசுக்கிவிட்டது. பதினோரு நாள் கழித்து சுமார் 1,300 பேர் வேலையை நிறுத்தினார்கள். ஒழுகும் தொட்டிகளைச் சுமந்து, புழு மேலே சொட்டச் சொட்ட நடந்தவர்கள் அவர்கள்.

வேறு பெரிய போராட்டத்துக்கான ஏற்பாடுகள் கிடக்கும்போது இது எதற்கு என்று கூட இருந்தவர்களே தடுத்தார்கள். மார்ச் 28 அன்று அவர் தலைமையில் நடந்த ஊர்வலத்தில் கடைக் கண்ணாடிகள் உடைந்தன. போலீஸ் சுட்டதில் பதினாறு வயதுப் பையன் இறந்தான். கிங்குக்குக் கூட்டத்தை அடக்கத் தெரியவில்லை என்று எழுதினார்கள். அமைதியாக ஒரு ஊர்வலம் நடத்திக் காட்டவேண்டும் என்றுதான் திரும்பவும் மெம்பிஸுக்கு வந்தார். அந்த ஊர்வலம் ஏப்ரல் 8 அன்று அமைதியாகவே நடந்தது. அதை நடத்தியவர் அவர் மனைவி கொரெட்டா. 16ஆம் தேதி நகராட்சி தொழிற்சங்கத்தை ஏற்றுச் சம்பளத்தையும் கூட்டியது. 1959இல் கிங் எங்கள் காந்திகிராமத்துக்கு வந்துபோனதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நாங்களும் இந்தக் கதையைச் சொல்வதில்லை.

ஒரு வேண்டுகோள். அந்தத் தொழிலாளர்கள் வரிசையாக அட்டை பிடித்து நிற்கும் புகைப்படம் உண்டு. எல்லா அட்டையிலும் ஒரே வாசகம்: 'I AM A MAN'. தலை நரைத்தவரையும் 'பையா' என்று வெள்ளைக்காரர்கள் கூப்பிட்ட ஊரில் எழுதிய பதில் அது. ஆங்கிலத்தில் அதன் நடுவில் வரும் 'AM' என்ற சொல்லுக்குக் கீழே ஒரு கோடு போட்டிருப்பார்கள். தமிழில் அந்த நடுச்சொல்லே கிடையாது. 'நான் மனிதன்' என்றால் கோடு போட இடமில்லை. 'நானும் மனிதன்' என்றால் கெஞ்சுவதுபோல் ஆகிவிடுகிறது. 'நான் மனிதன்தான்' என்பதே சரியாக வருமென்று எனக்குப் படுகிறது. அந்தப் படத்தை அடுத்த இதழில் போட்டால், கீழே 'தான்' விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்