எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பாருங்கள்

எங்கள் துப்பாக்கி சுடும் சங்கத்தின் நிர்வாகக் குழுவினருக்கும், கருவிப் பரிசோதனைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம். உங்களில் பலரை அங்கிள், ஆண்ட்டி என்று கூப்பிட்டு வளர்ந்தவன் நான். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், நேரில் கேட்டதற்கு இன்றுவரை பதில் வராததுதான்.

போன போட்டியன்று பரிசோதனை மேசையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். என் அண்ணன் மகள், அழுத்தக் காற்றால் சுடும் தன் ஏர் பிஸ்டலை மேசையில் வைத்தாள். பக்கவாட்டில் இருந்த பெயரைப் படித்தார்கள். "சைனா சாமான், அதுவும் வீட்டில் பிரித்து மாட்டியது" என்று சொல்லி ஒதுக்கிவிட்டார்கள். எடைக்கல் பக்கத்திலேயே இருந்தது. அளவுப்பெட்டியும் திறந்தே கிடந்தது. இரண்டையும் ஒருவரும் தொடவில்லை.

என் கோரிக்கை ஒன்றுதான். பெயரையும் விலையையும் விட்டுவிட்டு, எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பாருங்கள்.

10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கான சர்வதேச விதிகள் உங்களுக்கு மனப்பாடம். டிரிகர் குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும். மொத்த எடை 1,500 கிராமைத் தாண்டக் கூடாது. 420க்கு 200க்கு 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் பிஸ்டல் முழுதாக அடங்க வேண்டும். 4.5 மில்லிமீட்டர் பெல்லட்டை, அதாவது அந்தச் சிறு ஈயக் குண்டை, ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும். அழுத்தக் காற்றை அடைத்துவைக்கும் சிலிண்டரின் காலக்கெடு முடிந்திருக்கக் கூடாது. எந்த நாட்டில் செய்தது, என்ன விலை என்று இதில் எங்கே கேட்டிருக்கிறது? குழாய் நேரே மேலே பார்த்திருக்க, கல்லை டிரிகரில் மாட்டி மெல்லத் தூக்க வேண்டும். கல் மேசையை விட்டு எழும்வரை டிரிகர் விடுபடாமல் இருந்தால் தேறியது. ஒரு நிமிடம்கூட ஆகாத வேலை. அதற்கும் மூன்று முயற்சி வரை தருகிறது விதி. அவளுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

என்ன மாற்றினோம் என்றாவது கேட்டிருக்கலாம். விடுமுறையில் கடையில் நின்று சம்பாதித்த காசில் அவள் வாங்கிய ஆர்டெமிஸ் என்ற சீனப் பிஸ்டல் அது. ஸ்டையர், மோரினி, வால்தர் போன்ற ஐரோப்பியப் போட்டிப் பிஸ்டல்களின் விலையில் அது ஒரு சிறு பங்குதான். வாங்கியபோது, காகித இலக்குக்குத் தேவையே இல்லாத வேகத்தில் சுட்டது. போட்டிப் பிஸ்டல்கள் பெல்லட்டை நொடிக்கு ஏறக்குறைய 150 மீட்டர் வேகத்தில்தான் அனுப்புகின்றன. பத்து மீட்டருக்கு அது தாராளம். அதனால் காற்றைத் திறந்துவிடும் சுத்தியலின் ஸ்பிரிங்கைத் தளர்த்தி வேகத்தைக் குறைத்தோம். கூட்டவில்லை, குறைத்தோம். சிலிண்டரில் அழுத்தம் இறங்க இறங்க பெல்லட்டின் வேகமும் மாறி, இலக்கில் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் விழாமலிருக்க, அழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் ரெகுலேட்டர் போட்டோம். டிரிகரை 500 கிராமுக்கு மேலேயே நிறுத்தியிருக்கிறோம். காற்று கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் வளையங்களுக்கு சிலிகான் கிரீஸ் மட்டும்தான். பெட்ரோலிய எண்ணெய் உயர் அழுத்தக் காற்றில் பற்றிக்கொள்ளும் என்று மற்றப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்பவளே அவள்தான்.

கைப்பிடி அவள் கைக்குப் பெரிது. மரத்தில் புதிதாகச் செதுக்கி, உள்ளங்கை படும் இடத்தில் புட்டி அப்பி, அது காயும் முன் கையைப் பதித்து, பிறகு அரத்தால் ராவி எடுத்தோம். மணிக்கட்டை எங்கும் தாங்காதபடி பார்த்துக்கொண்டோம். உங்கள் ஸ்டையர், மோரினி கைப்பிடிகளையும் நீங்கள் இப்படித்தானே ராவிக்கொள்கிறீர்கள்? அதை யாரும் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

காற்று விஷயத்திலும் அவள் கவனக்குறைவாக இருந்ததில்லை. தென்னாப்பிரிக்காவில் நாம் இருக்கும் இந்த டர்பனின் ஈரக் காற்றைக் கைப்பம்பால் அழுத்தினால் தண்ணீரும் கூடவே உள்ளே போய் அரிக்கத் தொடங்கும். அதனால் கடற்கரை ஊரான உம்கொமாஸுக்குப் போய், அலிவால் ஷோல் என்ற கடல் பாறைத்திட்டில் முக்குளிப்பவர்களுக்கு நிரப்பிக்கொடுக்கும் கடையில் பெரிய சிலிண்டரில் உலர்காற்று பிடித்து வருகிறோம். அதற்கான பெட்ரோல் செலவை அவள் அப்பா எப்படிச் சமாளிக்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

இனி நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள்.

இந்த ஏர் பிஸ்டல் வைத்திருக்க லைசென்ஸ் வேண்டாம். நம் தென்னாப்பிரிக்காவின் 2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதைத் துப்பாக்கிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஆனால் அதே சட்டத்தின் 120ஆம் பிரிவு, குடியிருப்புப் பகுதியில் தகுந்த காரணமில்லாமல் ஏர் கன் சுடுவதைக் குற்றம் என்கிறது. அது நியாயமான சட்டம்தான். சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ஆயா துணி உலர்த்துவார். அங்கே இலக்கை மாட்டிச் சுட நானே விடமாட்டேன். ஆக, முறைப்படி சுடுவதற்கு அவளுக்கு இருந்த ஒரே இடம் உங்கள் சுடுகளம். போட்டியில் மட்டுமா நிறுத்தினீர்கள்? பயிற்சி வரிசையிலும் அந்தப் பிஸ்டலோடு நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டீர்கள்.

இப்போது அவள் தினமும் வீட்டு நடையில் வெற்றுச் சுவரைப் பார்த்து நிற்கிறாள். பெல்லட் கிடையாது. கையை நீட்டி, முன்குறியைப் பின்குறியின் இடைவெளியில் நேராக நிறுத்தி, மூச்சை அடக்கி, டிரிகரை அழுத்துகிறாள். பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர். அதற்குள் விழுந்திருக்குமா, விழாதா என்று சுவர் சொல்லாது. கையை இறக்கி, மறுபடியும் நீட்டுகிறாள். வெறுஞ்சுவர்ப் பயிற்சி நல்லது என்று நீங்களே கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள். அதை மட்டுமே செய்துகொண்டு எந்தப் பிள்ளை முன்னேறும்?

கடைகள் சூறையாடப்பட்டு, துப்பாக்கிச் சூடும் நடந்த 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு நம் ஊர்களில் துப்பாக்கி என்றாலே நெஞ்சு பதறுகிறது. எனக்கும்தான். அதனால்தான் இளம்பிள்ளைகள் இதைப் பெரியவர்கள் கண்முன்னே, ஒழுங்கோடு கற்க வேண்டும் என்கிறேன். லைசென்ஸ் இல்லாமல் கடையில் வாங்கிவிடலாம். ஒழுங்கைக் கடையில் வாங்க முடியாது. அதைக் கொடுக்க வேண்டிய இடமே கதவைச் சாத்தினால் வேறு எங்கே போவார்கள்? இறக்குமதிப் பிஸ்டல் வாங்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும் போதும் என்றால் அதை விதிப்புத்தகத்திலேயே எழுதிவிடுங்கள், நாங்கள் வரவில்லை. இன்ன இனத்தார் இன்ன பகுதியில்தான் வாழலாம் என்ற நிறவெறிக் கால குரூப் ஏரியாஸ் சட்டத்தால் வீடு வாசலை விட்டு இந்த ஊருக்குத் தள்ளப்பட்டவர்கள் நம் அப்பா அம்மாக்கள். ஆளை அளந்து பாராமலே ஒதுக்கினால் எப்படி வலிக்கும் என்று நம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கோபத்தில் பேச்சு நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சங்கத்தைச் சம்பளமில்லாமல் நடத்துகிறவர்கள் நீங்கள். கருவி விஷயத்தில் நீங்கள் கண்டிப்பாக இருப்பதால்தான் என் பிள்ளையை அங்கே நம்பி அனுப்பினேன். அந்தக் கண்டிப்பைத் தளர்த்தச் சொல்லவில்லை. முழுதாகச் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அடுத்த போட்டிக்கு முன் ஒரு நாள் சொல்லுங்கள். பிஸ்டலைக் கொண்டுவருகிறோம். அவள் முன்னிலையில் எடைக்கல்லைத் தொங்கவிடுங்கள், பெட்டியில் வையுங்கள், தராசில் போடுங்கள், சிலிண்டர் தேதியைப் படியுங்கள், வேண்டுமானால் கைப்பிடியைக் கழற்றிப் பாருங்கள். எது தவறியது, எது தேறியது என்று எழுத்தில் கொடுங்கள். தவறியதைச் சரிசெய்துகொண்டு வருவோம். தேறினால் வரிசையில் அவளுக்கு ஓர் இடம் கொடுங்கள். அதுவரை பயிற்சி நாட்களிலாவது, உங்களில் ஒருவர் பக்கத்தில் நிற்க, அவளைச் சுட அனுமதிக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

மரியாதையுடன்,
சாட்ஸ்வொர்த்திலிருந்து உங்கள் உறுப்பினர் ஒருவர்