டிக்கியில் இருக்கும் டேங்க்

மாப்ள,

ஆறு மாதமாக ஒரு வரி எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்ததும் உன்னைத்தான் முதலில் விசாரித்தார். மற்றதெல்லாம் நேரில். இது அவசரம்.

போன ஞாயிறு செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்கில் கார் ரேஸுக்கு பிராக்டிஸ். மூன்றாவது லேப்பில் நான் வளைவுக்கு பிரேக் பிடிக்க, பின்னால் வந்தவர் இடித்துவிட்டார். பெரிய இடியே இல்லை. வண்டி ஒரு சுற்றுச் சுற்றி மண்ணில் நின்றது, இன்ஜின் அணைந்தது. அந்த அமைதியில் முதுகுக்குப் பின்னால் 'உர்ர்ர்' என்று ஒரு சத்தம். பெட்ரோல் பம்ப், மாப்ள! இன்ஜின் நின்றும் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. அப்புறம் வாசனை. அதற்கப்புறம் முதுகில் ஈரம்.

பம்ப்புக்குச் சாவியிலிருந்து நேராக ஒயர் இழுத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? இன்ஜின் நின்றால் பம்ப்பையும் நிறுத்துகிற ரிலேயை, ஒரு தலைவலி விட்டது என்று கழற்றிப் போட்டது நீயும் நானும்தான். டேங்க் வெல்டிங் ஓரத்தில் விரல் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. ஹோஸும் கழன்று பீய்ச்சியிருக்கிறது. நான் பெல்ட்டை அவிழ்ப்பதற்குள் டிராக்கைக் காவல் காக்கிற மார்ஷல் பையன் ஓடிவந்து, மொத்த கரண்டையும் துண்டிக்கிற கில் ஸ்விட்சை வெளியிலிருந்தே இழுத்தான். சைலன்சர் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. ஏன் பற்றவில்லை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இரண்டு ராத்திரி தூக்கமில்லை. மூன்றாம் நாள், செகண்ட் ஹேண்டில் வாங்கி வைத்திருந்த ஃப்யூல் செல்லை, அதான் ரேஸ் வண்டிக்கான கிழியாத பெட்ரோல் பையை, பிரித்தேன். உள்ளே இருந்த ஃபோமைக் கிள்ளினால் பழைய ரஸ்க் மாதிரி உதிர்கிறது, விரலெல்லாம் மஞ்சள் பொடி. பெட்ரோல் அலைபாயாமல் பிடிப்பதும், ஆவி ஒரேயடியாக வெடிக்காமல் தடுப்பதும் அந்த ஃபோம்தான். பொடியானால் ஃபில்டரைத்தான் அடைக்கும். பையின் லேபிளைத் துடைத்துப் பார்த்தேன்: உலக மோட்டார் ரேஸ் அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் எஃப்டி3 தரம், வருஷம் 2011. அந்தப் பைக்குத் தயாரித்த நாளிலிருந்து 5 வருஷம்தான் ஆயுள். கம்பெனியே சோதித்துக் கொடுத்தால் மேலே 2 வருஷம். விற்றவர் 'புதுசு மாதிரி' என்று கையில் அடித்துச் சொன்னார்.

பை புதுசாகவே இருந்தாலும் அதோடு விட முடியாது. 2020இல் பஹ்ரைன் ஃபார்முலா ஒன் ரேஸில் டிரைவர் குரோஜானின் வண்டி தடுப்பில் மோதி இரண்டாகப் பிளந்ததை உன் வீட்டு டிவியில்தானே பார்த்தோம்? மணிக்கு 192 கிலோமீட்டர் வேகம். நெருப்புக்குள் ஏறக்குறைய 28 நொடி. அப்புறம் கம்பியைப் பிடித்து ஏறி வெளியே வந்தான் மனுஷன். டேங்க்கின் மூடி பெயர்ந்ததையும், பெட்ரோல் போகிற இணைப்பு பையிலிருந்து பிடுங்கிக்கொண்டதையும் விசாரணை கண்டுபிடித்தது. ஃபார்முலா ஒன் வண்டியிலேயே இணைப்பு பிடுங்குகிறது. நம் ஹோஸ் கிளிப்பெல்லாம் எம்மாத்திரம்?

உன் மாருதி எஸ்டீம் காரை நினைத்தால்தான் எனக்கு வயிறு கலங்குகிறது. டேங்க்கை டிக்கிக்கு மாற்றினோம், பின்சீட்டைக் கழற்றினோம். நடுவே என்ன இருக்கிறது? ஒரு அட்டை! பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து காலடிக்கே வரும். அட்டைக்குப் பதில் தகடு அடித்தே ஆக வேண்டும், ஒயர் நுழைகிற ஓட்டை உட்பட அடைக்க வேண்டும். வண்டி கவிழ்ந்தால் தானே மூடிக்கொள்கிற வால்வு, டேங்க்கின் காற்றுப் போக்கும் வென்ட் குழாயில் வேண்டும். ரிலே திரும்ப வர வேண்டும். ரேஸ் சூட்டுக்குள் நைலான் பனியனும் கூடாது, நெருப்பின் வெப்பத்தில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

இந்த சீசனில் உன் பையனை அந்த வண்டியில் ஓட்ட உட்கார வைக்கப் போகிறாயாம், தங்கச்சி சொன்னாள். என் தோளில் உட்கார்ந்து சோழவரத்து ரேஸ் கதை கேட்டு வளர்ந்தவன் அவன். தகடு அடிக்காத வண்டியில் அவன் ஏறினால் பிட் வாசலில் நான் குறுக்கே நிற்பேன். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

வெள்ளிக்கிழமை வண்டியை ஏற்றிக்கொண்டு வந்துவிடு. தகடும் ரிவெட்டும் வாங்கி வைத்துவிட்டேன். டிக்கியின் உள் அகலத்தை மட்டும் இன்றைக்கே அளந்து சொல்.

உன்,
மாமன்