கூட்டு ஜெபக் குழுவின் 2025ஆம் ஆண்டறிக்கை

தலைவர் ஐயா அவர்களுக்கும், அருட்தந்தையர்க்கும், போதகர்மாருக்கும், நான்கு சபைகளிலிருந்தும் வந்திருக்கும் அங்கத்தினர் அனைவருக்கும் கிறிஸ்துவுக்குள் தோத்திரம்.

சனவரி 18 முதல் 25 வரை ஐக்கிய ஜெப வாரத்தை ஆசரித்தோம். ஆதித் திருச்சபையின் ஆயர்கள் கூடிய நிசேயா பொதுச்சங்கம் நடந்து 1700 ஆண்டுகள் நிறைவதை முன்னிட்டு, ஆண்டவர் மார்த்தாளிடம் கேட்ட ‘இதை விசுவாசிக்கிறாயா?’ என்ற கேள்வியே இவ்வாண்டு உலகெங்கும் தியானப் பொருளாக இருந்தது. கத்தோலிக்க ஆலயம், தென்னிந்தியத் திருச்சபை ஆலயம், லுத்தரன் ஆலயம், பெந்தெகொஸ்தே ஜெப வீடு என்று முறைவைத்துக் கூடினோம். தம் சபையின் முறை வந்த மாலையில் மட்டும் வந்தவர்கள் பலர் என்பதை வருகைக் குறிப்பேடு காட்டுகிறது. செயலாளரின் வீட்டாரும் அவர்களுள் அடக்கம்.

லுத்தரன் ஆலயத்தில் கூடிய மாலையைச் சற்று விரிவாகப் பதிவு செய்ய விரும்புகிறேன். எபேசியர் 2:8ஐப் பழைய மொழிபெயர்ப்பிலும், கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து உருவாக்கி 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பிலும் வாசித்தோம். ஒன்றில் கிருபை, விசுவாசம், இரட்சிப்பு. மற்றொன்றில் அருள், நம்பிக்கை, மீட்பு. எந்தச் சொல் சரி என்று இளைஞர்கள் வாதிடத் தொடங்கிய வேளையில், கத்தோலிக்க மூதாட்டி ஒருவர் எழுந்து, தாம் சிறுமியாக இருந்தபோது ‘அருள் நிறைந்த மரியே’ என்று சொன்னதில்லை என்றும், ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே’ என்றே சொல்லி வளர்ந்ததாகவும் கூறினார். பிரியத்தோடு தத்தம் செய்யப்பட்டது பிரியதத்தம். பெந்தெகொஸ்தே போதகர் அச்சொல்லைத் தம் வேதாகமத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டதை நான் கண்டேன். கிருபையைப் பற்றிய வாதத்தில்தான் பதினாறாம் நூற்றாண்டில் மேலைத் திருச்சபை பிளவுபட்டது என்பதையும், லுத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் அதே பொருள் பற்றிக் கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன என்பதையும் அன்று தேவசெய்தி அளித்தவர் எடுத்துரைத்தார்.

ஏப்ரல் 21 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் இறைவனடி சேர்ந்தபோது மற்ற மூன்று சபையாரும் கத்தோலிக்க ஆலயத்துக்குச் சென்று ஜெபித்துத் திரும்பினோம்.

கிறிஸ்து பிறப்புக்கென்று திட்டமிட்ட கூட்டுப் பாடகர் குழு அமையவில்லை. எந்தப் பாடல் நூல் என்பதிலேயே இரண்டு மாதங்கள் கழிந்தன. ஒரே பந்தியில் நற்கருணை பெறச் சபைச் சட்டங்கள் இன்னும் இடம் தரவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் பேராயர் அசரியா முதலானோர் சபைகள் ஒன்றாக இணைய வேண்டும் என்று ஐக்கிய அறிக்கை வெளியிட்டபின், அவ்வாறு இணைந்த தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் உருவாக 28 ஆண்டுகள் ஆயின. அசரியா 1945லேயே காலமாகிவிட்டார். லுத்தரன் சபையார் அந்த ஐக்கியத்தில் சேரவுமில்லை. அவ்வளவு பொறுமை காத்தவர்கள் நடந்த வழியில் நாம் இரண்டே மாதங்களில் சலித்துக்கொண்டோம். யோவான் 17இல் ஆண்டவர் ஒருமைப்பாட்டைத் தம் பிதாவிடம் வேண்டுதலாகவே வைத்தார் என்பதைச் செயற்குழுவில் ஒருவர் நினைவூட்டிய பிறகு, யார் குற்றம் என்ற விசாரணையைக் கைவிட்டு முழங்காற்படியிட்டோம். இவ்வாண்டு நடந்த செயற்குழுக் கூட்டங்களில் வாக்குவாதமின்றி முடிந்தது அது ஒன்றே.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அடுத்த ஜெப வாரம் 2026 சனவரி 18 அன்று பெந்தெகொஸ்தே ஜெப வீட்டில் தொடங்கும். அன்று எந்த நூலிலிருந்து பாடுவது என்பதை இக்கூட்டம் கலைவதற்குள் தீர்மானித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்