செயலாளரின் ஆண்டறிக்கை: பேரிடர் மேலாண்மையில் பெண்களின் பணி உயர்வு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பேரிடர் மேலாண்மைப் பணியில் சேரும் பெண்கள் கட்டளைப் பொறுப்பு வரை உயர்வது ஏன் இத்தனை அரிதாக இருக்கிறது என்ற கேள்வியே இவ்வாண்டு நம் கூட்டங்களில் மிகுதியும் பேசப்பட்டது. 1970-ஆம் ஆண்டின் கலிபோர்னியக் காட்டுத்தீக்குப் பின் உருவாகி இன்று பல நாடுகளில் பின்பற்றப்படும், பேரிடர் களத்தில் யார் எந்தப் பொறுப்பை ஏற்பது என்று வகுக்கும் சம்பவக் கட்டளை முறையில் (Incident Command System) கட்டளை, களச் செயல்பாடு, திட்டமிடல், தளவாடம், நிதி நிர்வாகம் எனப் பிரிவுகள் உள்ளன. நம் உறுப்பினர்களில் பலர் முகாம் பதிவேட்டுக்கும் நிதிக் கணக்குக்குமே திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டுள்ளனர். களச் செயல்பாட்டில் பொறுப்பேற்ற அனுபவம் இல்லை என்ற காரணம் காட்டி, பின்னர் அவர்களுடைய பதவி உயர்வு மறுக்கப்படுகிறது. அந்த அனுபவத்தைப் பெற வழிவிடாமலே அதைக் கேட்பது அநீதி என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே, வெள்ளச் சூழலை வைத்து, களத்துக்குச் செல்லாமல் அமர்ந்து பேசியே முடிவெடுத்துப் பழகும் மேசை ஒத்திகைகள் நடத்தி, களச் செயல்பாட்டுத் தலைமையை ஒவ்வொரு முறையும் அப்பொறுப்பை அதுவரை வகிக்காத ஓர் உறுப்பினருக்கு அளித்தோம். நெடுங்காலம் முகாம் பதிவில் இருந்த ஒருவர், படகுகளைப் பிரிப்பதற்கு முன்பே, நடக்க இயலாதோர் எந்தெந்த வீடுகளில் இருக்கிறார்கள் என்று கேட்டார். முகாமுக்கு யார் கடைசியில் வந்து சேர்கிறார்கள் என்பதைப் பார்த்துப் பழகியவருக்கே அந்தக் கேள்வி முதலில் எழும்.

1991-ஆம் ஆண்டு வங்கதேசத்தைத் தாக்கிய புயலில் 1 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பான்மையோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். எச்சரிக்கை எட்டியும் தனியே வீட்டைவிட்டு வெளியேறத் தயங்கிய பெண்கள் பலர். பிற்காலத்தில் அந்நாட்டின் புயல் முன்னெச்சரிக்கைத் திட்டத்தில் பெண் தொண்டர்கள் பெருமளவில் சேர்க்கப்பட்டனர். பேரிடர் அபாயத்தைக் குறைக்க ஐ.நா. உறுப்பு நாடுகள் 2015-இல் ஏற்ற செண்டாய் கட்டமைப்பும் பெண்களின் தலைமையை வலியுறுத்துகிறது. துறைகளுக்கு நாம் எழுதிய கடிதங்களில் இவ்விரண்டையும் எடுத்துக்காட்டினோம்.

பெண்களின் உடலளவுக்குப் பொருந்தும் பாதுகாப்புக் காலணி, கையுறை, உயிர்காப்புச் சட்டை ஆகியவை குறித்த கோரிக்கைக்குச் சாதகமான பதில்கள் வந்துள்ளன. நள்ளிரவில் திடீரெனப் பணிக்கு அழைக்கப்படும் தாய்மார்களின் குழந்தைப் பராமரிப்பு ஏற்பாடு குறித்து ஒரு துறை இன்னும் பதிலளிக்கவில்லை; அது எனக்கு மிகுந்த வருத்தம் அளிக்கிறது.

ஒத்திகையில் தலைமை வகித்தவர்களின் அனுபவப் பதிவேடு இவ்வறிக்கையுடன் இணைக்கப்பட்டுள்ளது. பதவி உயர்வுக் குழுக்கள் அதைச் சான்றாக ஏற்கக் கோரும் தீர்மானத்தைப் பேரவையின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்