ஆற்றோரம் தங்கப் போகும் மகளுக்கு

அன்புள்ள கண்மணிக்கு,

தோழிகளோடு மலைக்காட்டில் ஆற்றோரமாக இரண்டு ராத்திரி தங்கப் போவதாகச் சொன்னாய். அங்கே அறை, விளக்கு, கழிப்பறை எதுவும் இல்லை, நீங்கள் சுமந்து போவதுதான் வீடு. சந்தோஷமாகப் போய் வா. போனில் பாதி சொல்லி மீதியை மறப்பதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பையில் என்னென்ன இருக்கிறது என்பதைவிட, கூடாரத்தை எங்கே அடிக்கிறீர்கள் என்பதில்தான் என் மனம் நிற்கிறது. இடம் சரியாக அமைந்துவிட்டால் மற்றக் குறைகளை எப்படியும் சமாளிக்கலாம்.

பொழுது சாய இரண்டு மணி நேரம் இருக்கும்போதே அங்கே போய்ச் சேருங்கள். பள்ளத்தாக்கில் சூரியன் முகட்டுக்குப் பின்னால் சீக்கிரமே இறங்கிவிடும். இருட்டுகிற நேரத்தில் களைத்து வருகிறவர்கள், கண்ணில் படுகிற முதல் மணல் திட்டிலேயே மூட்டையை இறக்கிவிடுவார்கள். அது சமமாக, மெத்தென்று, செடி கொடி இல்லாமல் இருக்கும். அங்கே ஏன் செடி நிலைக்கவில்லை என்று நின்று யோசி. ஆறு அதன்மேல் அடிக்கடி ஏறி இறங்குகிறது என்பதுதான் காரணம்.

பழைய வெள்ளம் தன் மட்டத்தைத் தானே குறித்து வைத்திருக்கும். புதர்களிலும் தாழ்ந்த கிளைகளிலும் காய்ந்த புல், சருகு, சுள்ளி எல்லாம் ஒரே பக்கமாகச் சிக்கியிருக்கிறதா என்று பார். கண்மட்டத்தோடு நிறுத்தாமல் தலைக்கு மேலேயும் பார். எவ்வளவு உயரத்தில் அந்தக் குப்பை தெரிகிறதோ, அதற்கும் மேலேதான் நீங்கள் படுக்க வேண்டும். தண்ணீரிலிருந்து 60 மீட்டர், சுமார் எண்பது தப்படி தள்ளி, கரை ஏறியபின் வரும் மேட்டுச் சமதளத்தைத் தேடுங்கள். பின்னால் நடந்து ஏறக்கூடிய சரிவு இருக்கட்டும். முன்னால் ஆறு, பின்னால் செங்குத்துப் பாறை என்ற இடம் வேண்டவே வேண்டாம். ஆற்று நடுவிலுள்ள திட்டும், சின்னக் கிளை வாய்க்காலைத் தாண்டிப் போக வேண்டிய இடமும் அப்படியே. ராத்திரியில் அந்த வாய்க்கால்தான் முதலில் நிறையும்.

பக்கவாட்டிலிருந்து ஓடை வந்து ஆற்றோடு சேரும் இடத்தில் விசிறி விரித்தது மாதிரி அகலமான மேடு இருக்கும். தங்குவதற்கென்றே செய்தது போலத் தோன்றும், ஆனால் அது ஓடை உருட்டிக் கொண்டுவந்து கொட்டிய கல்லும் மண்ணும். ஸ்பெயினில் பிரனீஸ் மலையில், பியெஸ்காஸ் ஊருக்குப் பக்கத்தில் அப்படிப்பட்ட மேட்டில்தான் ஒரு முகாம் இருந்தது. 1996 ஆகஸ்ட் 7 மாலை, மேலே கொட்டிய இடிமழையில் அந்தச் சிறிய ஓடை பொங்கி வந்து 87 பேர் இறந்தார்கள். அமெரிக்காவில் அர்கன்சா மாநிலத்து மலைக்காட்டில், 2010 ஜூன் 11 விடியுமுன், தூக்கத்திலேயே வெள்ளம் சூழ்ந்து 20 பேர் போனார்கள். பயமுறுத்த எழுதவில்லை. தலைக்கு மேல் வானம் தெளிவாக இருப்பதை மட்டும் நம்பாதே என்பதற்காகச் சொல்கிறேன். மழை மேலே மலையில் பெய்தால் போதும், தண்ணீர் கீழே வந்துவிடும். மேலே அணை இருந்தால் மழையே இல்லாமலும் நீர் ஏறும். தண்ணீர் திறக்கும் நேரத்தைப் போகுமுன்பே விசாரித்துக்கொள்.

போய்ச் சேர்ந்ததும் நீர் தொடும் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவிடு. தூங்கப் போகும்வரை மணிக்கொரு தரம் பார். தெளிந்த நீர் கலங்கினாலும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், இரைச்சல் கனத்தாலும், அடியில் கற்கள் மோதும் சத்தம் கேட்டாலும் அப்போதே மேலே ஏறுங்கள். நீர் திடீரென்று வற்றினாலும் ஏறத்தான் வேண்டும், மேலே மண் சரிந்து ஆற்றை அடைத்திருக்கலாம். கூடாரத்தைப் பிரிக்க நிற்காதீர்கள். செருப்பும் டார்ச்சும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். ராத்திரி மழை வலுத்தால் ஒருவர் மாற்றி ஒருவர் விழித்திருங்கள்.

ஆற்றின் இரைச்சல் காதுக்கு இதம்தான். ஆனால் தோழி கூப்பிடுவதும், மிருகம் நடப்பதும், கிளை முறிவதும் அந்த இரைச்சலில் கேட்காது. மேலே தள்ளித் தங்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். ஆளுக்கொரு விசில் கழுத்தில் கிடக்கட்டும். மூன்று முறை விட்டு விட்டு ஊதினால் ஆபத்து என்று பொருள். குளிர்ந்த காற்று கனமானது, ராத்திரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். கரையோரக் கூடாரம் விடியும்போது உள்ளே சொட்டச் சொட்ட நனைந்திருப்பது அந்தக் குளிராலும் ஆற்று ஈரத்தாலும்தான். கொஞ்சம் மேட்டிலேயே குளிர் குறையும்.

படுக்கும் இடத்திலிருந்து அண்ணாந்து பார். பட்டுப்போன மரம், முறிந்து தொங்கும் கிளை, விரிசல் விட்ட பாறை எதற்கும் கீழே படுக்காதே. தரையில் குளம்புத் தடமும் சாணமும் நீர்த்துறையை நோக்கிப் போனால் அது மிருகங்களின் வழி, அதை மறிக்கக் கூடாது.

முளைகளைக் கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் தலை சாய்ந்திருக்கும்படி அடி. மணலில் முளை பிடிக்காது. ஒரு தடிக் குச்சியின் நடுவில் கயிற்றைக் கட்டி, ஓரடி ஆழத்தில் படுக்க வைத்துப் புதைத்து, மேலே கல்லை ஏற்று. அடியில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் மழைநீர் அதில் விழுந்து உங்கள் முதுகுக்கடியில் வந்து நிற்கும். மழை பெய்தாலும் காற்றுத் திறப்புகளை மூடிவிடாதே. மூடினால் மூச்சின் ஈரமே உள்ளே சொட்டும்.

ஆற்றைக் கடக்க வேண்டி வந்தால், நான் அருகில் இல்லையே என்று உண்மையிலேயே கவலைப்படும் இடம் அதுதான். வேகம் இரண்டு மடங்கானால் நீர் தள்ளும் விசை நான்கு மடங்காகும், அதனால் ஆழத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதே. ஒரு குச்சியை எறிந்துவிட்டு அதற்கு இணையாகக் கரையில் நடந்து பார். அது உன் வேக நடையை முந்தினால் இறங்காதே. ஓட்டம் உள்ள இடத்தில் முழங்காலுக்கு மேல் நீர் வேண்டாம். குறுகிய இடம் கடக்கச் சுலபம் போலத் தெரியும், அங்கேதான் ஆழமும் வேகமும் கூடுதல். அகலமாகப் பரந்து ஓடும் இடமே நல்லது. கீழ்ப்பக்கத்தில் அருவியோ விழுந்து கிடக்கும் மரமோ இருந்தால் அங்கே கடக்காதே. மரக்கிளைகளுக்கிடையில் தண்ணீர் புகுந்து போய்விடும், ஆள் சிக்கிக்கொள்வார். பையின் இடுப்பு, மார்பு வார்களைக் கழற்றிவிடு, விழுந்தால் பையை உதற வேண்டும். செருப்பைக் கழற்றாதே. வரும் நீரைப் பார்த்து நின்று, கைத்தடியை முன்னால் ஊன்றி, பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாக நகரு. அடித்துப் போனால் மல்லாந்து, கால்களைக் கீழ்ப்பக்கம் நீட்டி மித. ஓட்டத்தில் எழுந்து நிற்க முயலாதே, பாதம் கல்லிடுக்கில் மாட்டினால் நீர் உன்னைக் குப்புற அழுத்திவிடும். பனி உருகி வரும் ஆறானால் விடியற்காலையில்தான் நீர் குறைவு.

குடிக்கும் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதிக்க வை. தளதளவென்று கொதி வந்தபின் 1 நிமிடம், 2000 மீட்டருக்கு மேலே 3 நிமிடம். உயரத்தில் நீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்பதால்தான் இந்தக் கூடுதல் நேரம். கலங்கலாக இருந்தால் தெளியவிட்டுத் துணியில் வடிகட்டிக்கொள். குளோரின் மாத்திரைக்குச் சாகாத கிருமிகளும் உண்டு. கையடக்க ஃபில்டர்களில் பெரும்பாலானவை வைரஸைத் தடுக்காது. ஒருமுறை நனைந்த ஃபில்டர் குளிரில் உறைந்தால் உள்ளிழைகள் வெடித்துவிடும், வெளியே தெரியாது. உறைபனி இருந்தால் அதைப் படுக்கைக்குள் வைத்துக்கொள்.

நெருப்பு மூட்ட அனுமதி உண்டா என்று முதலிலேயே கேள். இருந்தால், முறித்தால் படக்கென்று ஒடியும் உலர்ந்த விறகு மட்டும் போதும். ஆற்றுக்கல்லை அடுப்பாகக் கூட்டாதே, உள்ளே ஊறிய நீர் ஆவியாகிக் கல் வெடிக்கும். அணைக்கும்போது நீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்று. புறங்கையை வைத்தால் சூடே தெரியக் கூடாது, இல்லாவிட்டால் வேர் வழியாக மண்ணுக்குள்ளேயே தீ நகரும். எந்த அடுப்பையும் கூடாரத்துக்குள் பற்றவைக்காதே. அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும் வாயு, அதற்கு வாசனை கிடையாது.

மலம் கழிக்க, நீரிலிருந்தும் கூடாரத்திலிருந்தும் 60 மீட்டர் தள்ளி 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில் குழி தோண்டி மூடு. அந்த மேல்மண்ணில்தான் மக்கச் செய்யும் உயிர்கள் அதிகம். சோப்பு ஆற்றில் படவே கூடாது, இயற்கைச் சோப்பானாலும்தான். பாத்திரத்தில் மொண்டு தள்ளிப் போய்க் கழுவு. சாப்பாட்டையும் பற்பசையையும் கூடாரத்துக்குள் வைக்காதே. தரையிலிருந்து 4 மீட்டர் உயரம், அடிமரத்திலிருந்து 2 மீட்டர் தள்ளிக் கயிற்றில் தொங்கவிடு. உறங்க ஒரு ஜோடி உலர்ந்த உடுப்பு தனிப்பையில் கட்டியிரு, பகலில் எவ்வளவு குளிர்ந்தாலும் அதை எடுக்காதே.

எந்த வழியாகப் போகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள், எத்தனை மணிக்குள் சிக்னல் உள்ள இடத்துக்குத் திரும்புவீர்கள் என்பதைக் கிளம்புமுன் எழுதி அனுப்பு. அந்த நேரம் தாண்டினால் நான் எவ்வளவு பொறுக்க வேண்டும், முதலில் எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
அம்மா