டிஸ்க்வேர்ல்டுக்கு வழிகாட்டியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அக்காவுக்கும், எனக்காக வாசித்துக் காட்டிய ஆறு பேருக்கும், கடைசிப் புத்தகத்தை இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்த நண்பனுக்கும், என் தங்கைக்கும்,

போன வாரம் 'தி ஷெப்பர்ட்ஸ் கிரௌன்' படித்து முடித்தேன். ஆங்கில எழுத்தாளர் டெர்ரி பிராட்செட் எழுதிய டிஸ்க்வேர்ல்ட் என்ற வேடிக்கையான மாயக் கதை வரிசையில் அது 41ஆவது நாவல், கடைசி நாவல். 1983இல் முதல் நாவலான 'தி கலர் ஆஃப் மேஜிக்' வந்தது. 2015 மார்ச்சில் அவர் இறந்தார். இந்தப் புத்தகம் அதே வருடம் அவர் போன பிறகு வெளிவந்தது. புத்தகத்தை மூடியதும் உங்கள் எல்லோருக்கும் எழுத வேண்டும் என்று தோன்றியது. தனித்தனியாக எழுதாமல் பொதுவில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்களில் பலருக்கு ஒருவரை ஒருவர் தெரியாது. ஆனால் எனக்குள் நீங்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் இருக்கிறீர்கள்.

முதலில் அக்கா. கல்லூரியில் நீங்கள் எனக்கு இரண்டு வருடம் சீனியர். ஒரு நாள் 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' புத்தகத்தைக் கையில் கொடுத்து, "முதல் புத்தகத்திலிருந்து ஆரம்பிக்காதே, இதிலிருந்து ஆரம்பி" என்றீர்கள். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தீர்கள்: 'அடிக்குறிப்புகளைத் தாண்டிப் போகாதே.' அந்த இரண்டு அறிவுரைகளும் எவ்வளவு சரி என்று இப்போது முழுதாகத் தெரிகிறது. ஆரம்பப் புத்தகங்கள் இரண்டும் பிற மாயக் கதைகளைக் கிண்டல் செய்வதிலேயே மும்முரமாக இருக்கின்றன. ரின்ஸ்விண்ட் என்ற கோழை மந்திரவாதி ஓடிக்கொண்டே இருக்கிறான், நூற்றுக்கணக்கான குட்டிக் கால்களோடு ஒரு மந்திரப் பெட்டி அவன் பின்னால் ஓடுகிறது. எனக்கு அந்தப் பெட்டியைப் பிடிக்கும், ரின்ஸ்விண்டோடு அவ்வளவாக ஒட்டவில்லை. அங்கேயே ஆரம்பித்திருந்தால் ஒருவேளை அங்கேயே நின்றிருப்பேன். ஆமை முதுகில் நான்கு யானைகள், யானைகள் முதுகில் தட்டையான உலகம், அந்த ஆமை விண்வெளியில் நீந்திப் போகிறது என்பதெல்லாம் வேடிக்கையான ஏற்பாடு, அவ்வளவுதான். என்னைப் பிடித்து வைத்தவர்கள் அந்தத் தட்டின் மேல் வாழ்கிற மனிதர்கள்.

அக்கா, நீங்கள் கொடுத்த புத்தகத்தின் தொடக்கத்தில் சாம் வைம்ஸ் மழையில் குடித்துவிட்டுச் சாக்கடையோரம் கிடக்கிறார். நகரத்தின் இராக்காவல் படைக்கு அவர்தான் தலைவர். படை என்றால் விரல் விட்டு எண்ணிவிடலாம். யாரும் மதிக்காத வேலை. அடுத்தடுத்த புத்தகங்களில் அந்த மனிதர் குடியை விடுகிறார், சிபிலைத் திருமணம் செய்கிறார், பெரிய காவல் படைக்கே தளபதி ஆகிறார், பிரபுப் பட்டமும் வருகிறது. ஆனாலும் மெல்லிய அடிப்பாகம் உள்ள மலிவான காலணியைத்தான் விரும்பிப் போடுகிறார். இருட்டில் நடக்கும்போது காலுக்குக் கீழே இருக்கும் கல்லை வைத்தே எந்தத் தெரு என்று சொல்லிவிடுவார்.

அந்தக் காலணியை வைத்து அவர் போடும் கணக்கு 'மென் அட் ஆர்ம்ஸ்' நாவலில் வருகிறது. அவருக்கு மாதச் சம்பளம் 38 டாலர். நல்ல தோல் காலணி 50 டாலர், வருடக்கணக்காக உழைக்கும். சுமாரானது 10 டாலர், ஒன்றிரண்டு பருவத்தில் பிய்ந்துவிடும். 50 டாலர் இருப்பவன் பத்து வருடத்துக்குக் கால் நனையாமல் நடப்பான். இல்லாதவன் அதே பத்து வருடத்தில் 100 டாலர் செலவழித்தும் ஈரக்காலோடுதான் நிற்பான். ஏழையாக இருப்பதற்கு அதிகம் செலவாகும் என்பதை இவ்வளவு எளிதாக எனக்கு வேறு யாரும் புரிய வைத்ததில்லை. 2022இல் இங்கிலாந்தில் ஏழைக் குடும்பங்களைத் தாக்கும் விலைவாசியைக் கணக்கிட ஒரு குறியீட்டை உருவாக்க முனைந்தபோது, அதற்கு வைம்ஸின் காலணிப் பெயரையே வைக்க பிராட்செட்டின் உரிமைதாரர்கள் ஒப்புதல் கொடுத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று, அக்கா, உங்களுக்குத்தான் முதலில் அனுப்பினேன்.

அடுத்தது நீங்கள் ஆறு பேர். கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு எட்டு வாரம் எதையும் படிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். 'தட்!' நாவலில் பாதியில் இருந்தேன். எப்படித்தான் பேசி வைத்தீர்களோ தெரியாது, மறுநாள் இரவு முதல் குரல் பதிவு வந்தது. ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடர்ந்தார். ஒருவர் குரலில் தூக்கம் கேட்கும், இன்னொருவர் பின்னால் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்கும். உங்களில் ஒருவர் மட்டும் வாசிப்பை நிறுத்தி, "இது வார்த்தை விளையாட்டு, சொல்கிறேன் கேளுங்கள்" என்று விளக்கிவிட்டுத்தான் மேலே போவார். தமிழ் வழியில் படித்த எனக்கு அந்த ஆங்கிலத்தில் பாதிச் சிரிப்பு எட்டாமலே போயிருக்கும். நான் கேட்காமலே, சலித்துக்கொள்ளாமல் விளக்கினீர்கள். நகைச்சுவையை விளக்கினால் அது செத்துவிடும் என்பார்கள். நீங்கள் விளக்கிய ஒன்றுகூட என்னிடம் சாகவில்லை.

அந்த நாவலில் வைம்ஸ் தினமும் மாலை ஆறு மணிக்குத் தன் கைக்குழந்தைக்கு ஒரு படப் புத்தகம் வாசித்துக் காட்டுவார். தொலைந்துபோன மாட்டைத் தேடும் கதை. நகரமே கலவரத்தின் விளிம்பில் நின்றாலும் சரி, ஆறு மணிக்கு அவர் வீட்டில் இருக்க வேண்டும். நல்ல காரணத்துக்காக இன்று ஒரு நாள் விட்டால், நாளைக்கு மோசமான காரணத்துக்கும் விட்டுவிடுவோம் என்பது அவர் பயம். கடைசியில் பூமிக்கடியில், காயத்தோடு, கும்மிருட்டில், கோபத்தில் கொலை செய்யக்கூடிய நிலையில் இருக்கிறார். அப்போது ஆறு மணி ஆகிறது. அந்தக் குகையில் நின்று மாட்டுக் கதையை வரி வரியாகக் கத்துகிறார். எனக்கு அந்தப் பகுதியை வாசித்தவர் நடுவில் நிறுத்திவிட்டார். பதிவில் பத்து நொடி சத்தமே இல்லை. அப்புறம் தொண்டையைச் செருமிவிட்டு அதே வரியிலிருந்து மறுபடி தொடங்கினார். நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். அறுவை சிகிச்சை செய்த கண் என்பதால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்தப் பதிவை இன்னும் அழிக்கவில்லை.

பிராட்செட்டுக்கே பார்வை சார்ந்த சிக்கல்தான் வந்தது. மூளையின் பின்பகுதியைத் தாக்கும் அல்சைமர் வகை. 2007 டிசம்பரில் அதை வெளிப்படையாக அறிவித்தார். கண்ணில் பழுதில்லை, கண் காட்டுவதை மூளை பிரித்தறிய முடியாமல் போகும் நோய். தட்டச்சு செய்ய முடியாமல் போன பிறகு, வாயால் சொல்லியே நாவல்களை எழுதினார். நான் காதால் கேட்டுத்தான் படிக்க முடியும் என்றிருந்த நாட்களில் இது எனக்குப் பெரிய தைரியமாக இருந்தது.

இனி, தங்கைக்கு. இதை எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது.

அம்மா படுக்கையில் இருந்த மாதங்களில், சாயங்காலம் நான் கதை சொல்வதாக ஏற்பாடு. வைம்ஸைச் சொல்லிப் பார்த்தேன், அம்மாவுக்கு ஒட்டவில்லை. ஒரு நாள் வாய் தவறி டெத் பற்றிச் சொல்லிவிட்டேன். மரணமே ஒரு பாத்திரமாக வருவார், எலும்புக்கூடு, கையில் அரிவாள், ஏறிவருவது வெள்ளைக் குதிரை, குதிரையின் பெயர் பிங்க்கி. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அம்மாவோ, "எமனுக்கு எருமைதானே?" என்று கேட்டார். இவர் எமன் இல்லை, பாவ புண்ணியக் கணக்குப் பார்க்க மாட்டார், தண்டனையும் கொடுக்க மாட்டார், நேரம் வந்ததும் வந்து கூட்டிப்போவது மட்டும்தான் வேலை, பூனை என்றால் உயிர் என்று சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மேல சொல்லு" என்றார்.

டெத் பேசுவதைப் புத்தகத்தில் மேற்கோள் குறியில்லாமல், சின்ன அளவிலான ஆங்கிலப் பெரிய எழுத்துகளிலேயே (ஸ்மால் கேப்ஸ்) அச்சிட்டிருப்பார்கள். பார்த்த உடனே குரல் கேட்கும். தமிழில் பெரிய எழுத்தும் கிடையாது சின்ன எழுத்தும் கிடையாது, வாயால் சொல்லும்போது எப்படிக் காட்டுவது என்று திணறினேன். நீதான் வழி சொன்னாய். "ஏற்ற இறக்கமே இல்லாமல், அடித்தொண்டையில், மெதுவாகச் சொல். கோபமும் வேண்டாம், பாசமும் வேண்டாம்." அப்படிச் சொன்னதும் அம்மா முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அன்றிலிருந்து அவருக்கு 'குதிரைக்காரர்' என்று பெயர். "குதிரைக்காரர் இன்னைக்கு என்ன பண்ணார்?" என்று அம்மாவே கேட்பார்.

அம்மா திரும்பத் திரும்பக் கேட்டது 'ஹாக்ஃபாதர்' நாவலில் வரும் தீப்பெட்டிக்காரச் சிறுமி கதை. பனி கொட்டும் பண்டிகை இரவில், தெருவில் தீக்குச்சி விற்கும் ஒரு பெண் குழந்தை உறைந்து சாகக் கிடக்கிறாள். அன்றைக்கு டெத், காணாமல் போன பண்டிகைத் தாத்தாவுக்குப் பதிலாக வேஷம் போட்டுப் பரிசு கொடுத்துக்கொண்டிருக்கிறார். இவள் சாக வேண்டியவள், இதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் தங்களுக்கு இருப்பதை நினைத்துத் திருப்திப்படுவார்கள் என்று உதவியாளர் ஆல்பர்ட் சொல்கிறான். டெத் ஒத்துக்கொள்ளவில்லை. இன்று இரவு நான் பரிசு கொடுக்கிறவன், அவளுக்கு வருங்காலத்தைப் பரிசாகக் கொடுக்கிறேன் என்கிறார். இந்த இடம் வரும்போதெல்லாம் அம்மா என் கையைத் தட்டுவார். எந்த நியாயத்துக்காகவும் ஒரு குழந்தை குளிரில் சாகலாம் என்பதைச் சாவே ஏற்காத ஒரு கதையை நான் வேறெங்கும் படித்ததில்லை. அம்மாவுக்கும் அதுதான் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

கடைசி வாரத்தில் என்னால் கதை சொல்ல முடியவில்லை. குரல் வரவில்லை. நீ பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு புத்தகம்கூடப் படிக்காத நீ, நான் சொன்னதையெல்லாம் கேட்டே மனப்பாடமாக்கி, அதே அடித்தொண்டைக் குரலில் சொன்னாய். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

நண்பா, நீ 2015லேயே கடைசிப் புத்தகத்தை வாங்கிவிட்டாய். படித்துவிட்டால் இனிமேல் புதிதாக எதுவும் இருக்காதே என்று நான் தள்ளிப்போட்டேன். "நீ கேட்கிற அன்னைக்குத் தருகிறேன், அதுவரை அதைப் பற்றி வாயே திறக்க மாட்டேன்" என்றாய். சொன்னபடி இருந்தாய். அதில் என்ன நடக்கிறது என்று ஒரு வார்த்தை என் காதில் விழாமல் பார்த்துக்கொண்டாய். டிஸ்க்வேர்ல்டில் நூலகராக இருக்கும் ஒராங்குட்டான் புத்தகங்களைக் காப்பதுபோலக் காத்தாய். (மந்திர விபத்தில் குரங்காகிப் போனவர் அவர். ஆனால் குரங்கு என்று அவர் காதுபடச் சொல்லக்கூடாது. திரும்ப மனிதனாக்குகிறோம் என்றாலும் வேண்டாம் என்பார். மேல் தட்டுப் புத்தகத்தை எடுக்க நீளக் கை எவ்வளவு வசதி!)

கடைசி நாவலை இன்னும் படிக்காதவர்கள் இந்த ஒரு பத்தியைத் தாண்டிவிடுங்கள். கிரானி வெதர்வாக்ஸ் அதில் இறக்கிறார். எனக்கு மிகவும் பிடித்தவர் யார் என்று கேட்டால் அவர்தான். மந்திரம் எல்லாம் கைவசம் இருந்தும் முடிந்தவரை பயன்படுத்தாத சூனியக்காரி. 'கார்ப்பே ஜுகுலம்' நாவலில் நள்ளிரவில் ஒரு பிரசவம். தாய், குழந்தை இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். கணவனைக் கேட்க வேண்டாமா என்கிறாள் மருத்துவச்சி. அவனுக்கு இப்படி ஒரு வலியைக் கொடுக்கிற அளவுக்கு அவன் என்ன தப்புச் செய்தான் என்று கேட்டுவிட்டு, முடிவைக் கிரானி தானே எடுக்கிறார், தானே சுமக்கிறார். அவர் தன் மனதை ஒரு பறவைக்குள்ளோ விலங்குக்குள்ளோ அனுப்பும்போது உடல் பிணம்போலக் கிடக்கும். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்று, 'நான் இன்னம் சாவல' என்று எழுத்துப்பிழையோடு ஒரு அட்டையைக் கையில் வைத்துக்கொள்வார். பல புத்தகங்களில் சிரித்த அட்டை அது. கடைசிப் புத்தகத்தில், நேரம் வந்துவிட்டது என்று தெரிந்ததும் வீட்டைத் துடைத்துச் சுத்தம் செய்கிறார், தன்னை வைத்துப் புதைக்க வேண்டிய கூடையைத் தானே பின்னுகிறார், குளிக்கிறார், படுக்கிறார். இந்த முறை அட்டையில், அநேகமாகச் செத்துத்தான் இருப்பேன் என்று எழுதியிருக்கிறது. டெத் வருகிறார். மரியாதையோடு பேசுகிறார். நான் அந்தப் பக்கங்களை வாய்விட்டுப் படித்தேன், தங்கை சொல்லிக்கொடுத்த குரலில்.

நண்பா, புத்தகத்தை உன் அலமாரியிலேயே திருப்பி வைத்துவிட்டேன். தங்கையே, நீ சரி என்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் 'ரீப்பர் மேன்' ஆரம்பிக்கலாம். குதிரைக்காரர் வேலையை இழந்து, ஒரு பண்ணையில் கூலியாளாக அறுவடைக்குப் போகிற கதை. அம்மாவிடம் சொல்லாமல் விட்டது.

அக்கா, உங்கள் மகள் பெரிய புத்தகங்கள் கேட்க ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்தீர்கள். 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' நாளை தபாலில் வருகிறது. முதுகு கொஞ்சம் பிய்ந்திருந்தது, ஒட்டி வைத்திருக்கிறேன். துண்டுச் சீட்டு அதே பக்கத்தில் இருக்கிறது.